வீட்டுக்காரருக்கு ஒரு விறகு மிஷின்

1

போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் தயாளன் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் உள்ளே இருந்தேன். கோடாலி விழும் சத்தம் விடாமல் கேட்டது. பிறகு நின்றது. அப்பாடா, முடித்துவிட்டார் என்று நினைத்து டீக்குத் தண்ணீர் வைத்தேன். டீ கொதித்து, வடிகட்டி, ஆறவும் தொடங்கிய பிறகுதான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பனிமேல் குப்புறக் கிடந்தார்.

இன்றோடு ஒரு வருஷம். பிழைத்துவிட்டார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இதோ பக்கத்து அறையில் உட்கார்ந்து மச்சானோடு ஃபோனில் கிரிக்கெட் பேசி வாதாடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை. இந்த ஒரு வருஷத்தில் என்னைச் சுற்ற வைத்தது ஒரு விறகு பிளக்கும் மிஷின். அதை எழுதித் தீர்த்தால்தான் எனக்கு ஆறும்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் விறகா?

ஆமாம், விறகுதான். நாங்கள் இருப்பது வடக்கு மலைப்பக்கம். வருஷத்தில் ஆறு மாதம் குளிர். வீட்டுக்கு எண்ணெயில் எரியும் ஹீட்டர் உண்டு. ஆனால் அதன் காற்றாடி சுற்ற மின்சாரம் வேண்டும். பனிமழை பெய்து மரக்கிளைகள் கம்பியில் விழுந்தால் மூன்று நாள், நான்கு நாள் கரண்ட் வராது. அப்போது ஹாலில் இருக்கும் இரும்பு அடுப்பில் விறகு எரியாவிட்டால் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். அதற்கு முன் நாம் உறைந்துவிடுவோம். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் விறகுக் கொட்டகை இருக்கிறது.

பிளந்த விறகையே வாங்கினால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கினோம். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பதறியடித்து ஒரு வண்டி வாங்கினேன். ஈர விறகு. அடுப்பில் போட்டால் எரியவில்லை, சீறியது. புகைபோக்கி முழுக்கத் தார் பிடித்துவிட்டது. காய்ந்த விறகு விற்கும் நல்ல ஆள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பெயர் எழுதி வைத்தால் அடுத்த வருஷம் முறை வரும் என்றார்கள்.

ஆக, முழுக்கட்டையாக வாங்கி நாமே பிளப்பதுதான் வழி. வண்டு அரித்துச் செத்த ஆஷ் மரங்கள் இந்தப் பக்கம் நிறைய. நின்றபடியே காய்ந்த மரம் என்பதால் சீக்கிரம் எரியும். ஒருவர் ஒன்றரை அடி நீளத் துண்டுகளாக அறுத்து, வீட்டுக்குக் கீழே சரிவில் கொட்டிவிட்டுப் போவார். ஒவ்வொரு துண்டும் ஆட்டுக்கல் அளவு. அதைத்தான் தயாளன் பன்னிரண்டு வருஷமாகக் கோடாலியால் பிளந்துவந்தார்.

டாக்டர் ஒரே வரியில் சொன்னார். இனிமேல் கோடாலியைத் தொடக்கூடாது.

2

என் கணவர் மாநில நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களைச் சோதிக்கிற பொறியாளர். சொந்த ஊர் அடி அண்ணாமலை. ஒரு பொருளை வாங்குவது என்றால் அதன் பிறப்பிலிருந்து ஆரம்பிப்பார். மார்ச் மாதம் கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டார். எத்தனை டன் அழுத்தம், ஒரு தடவை போய்வர எத்தனை விநாடி, இன்ஜின் எத்தனை குதிரைத்திறன், இரும்பு எத்தனை அங்குலத் தடிமன். ஏப்ரலில் அது இரண்டு அட்டவணையானது. மே மாதம் யூடியூபில் தாடி வைத்த ஆட்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரு தாடிக்காரர் கட்டை பிளப்பார்; காலையில் காபிக்கு உட்கார்ந்தால் இன்னொரு தாடிக்காரர் அது தப்பு என்பார்.

"ஏங்க, இது வாங்கறதுக்கா, பரீட்சை எழுதறதுக்கா?" என்று கேட்டேன்.

"அவசரப்பட்டா தப்பா போயிடும் மலரு. இருபத்திரெண்டு டன் போதுமா, முப்பது டன் வேணுமானு இன்னும் முடிவாவல."

"குளிர் வந்தாதான் முடிவாவுமா?"

தாடிக்காரர் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்.

வேறு வழியில்லாமல் என் தம்பி ஏழுமலைக்கு ஃபோன் போட்டேன். கீழ்பென்னாத்தூரில் பம்ப்செட், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எங்களுக்குக் காலை எட்டு என்றால் அவனுக்கு மாலை ஐந்தரை. கடையில் கூட்டம் குறைந்திருக்கும். கையெல்லாம் கிரீஸோடு மூக்கால் ஃபோனைத் தள்ளி எடுப்பான்.

"கேஸ்ல ஓடற மிஷின் ஒண்ணு பாக்கறோம்டா. விறகு பொளக்கறதுக்கு."

"கேஸா? சிலிண்டர எங்கக்கா மாட்டுவாங்க? ஆடற மிஷின்ல சிலிண்டர் வெச்சா டேஞ்சராச்சே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் பெட்ரோலை கேஸ் என்பார்கள். பதினெட்டு வருஷத்தில் என் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. "பெட்ரோல்டா, பெட்ரோல்" என்றேன்.

"அப்ப பெட்ரோல்னு சொல்லேன். கரண்ட்ல ஓடறது இல்லியா?"

"இருக்குது. சின்னக் கட்டைக்குதான் ஆவும். அதுவுமில்லாம கட்டை கொட்டற எடம் சரிவுல கீழ இருக்குது. அவ்ளோ தூரம் ஒயர் இழுக்க முடியாது."

"சரி, எத்தினி டன்னு?"

"இருபத்தேழு டன் ஒண்ணு பாத்தோம்."

"யக்கா, இருபத்தேழு டன்ன ஊட்டுக்கு எப்படி எடுத்தாருவீங்க? லாரி தாங்காதே."

அது மிஷினின் எடை இல்லை, அழுத்தும் பலம் என்று விளக்க இன்னும் பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் பின்னாலிருந்து, அன்று கடைக்கு வந்திருந்த அம்மாவின் குரல். அம்மா இப்போது தம்பியோடுதான் இருக்கிறார். என்ன விஷயம் என்று அவன் சொன்னதும் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அமெரிக்கா போயும் வெறகாடீ?"

நாங்கள் வேங்கிக்காலில் வாடகை வீட்டில் இருந்தபோது, நான் எட்டாவது படிக்கும் வருஷம், முதல் கேஸ் அடுப்பு வந்தது. வந்த அன்றே அம்மா மீதியிருந்த வேலிகாத்தான் விறகை எல்லாம் தெருவில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துப்போகச் சொன்னார். மறுநாளே கரிபிடித்த சுவருக்கு வெள்ளையடித்தார். ஒரு குச்சிகூட வைத்துக்கொள்ளவில்லை. அடுப்பு ஊதிய ஊதுகுழலை என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரை மகளைப் படிக்க வைத்ததே அவள் விறகைத் தொடாமல் இருக்கத்தான். லேப் டெக்னீஷியன் படித்து, மாவட்டத்தைத் தாண்டி, கடலைத் தாண்டி, நான் வந்து நின்ற இடம் விறகுக் கொட்டகை.

"குளிருக்கும்மா. சமைக்கறதுக்கு இல்ல" என்றேன்.

"எதுக்கா இருந்தா இன்னா? வெறகு வெறகுதான்" என்று சொல்லிவிட்டு ஃபோனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

3

எங்கள் மகள் யாழினி தெற்கே மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் கல்லூரி படிக்கிறாள். அவளிடம் சொன்னேன். "அம்மா, அந்த வீட்டை வித்துட்டு அபார்ட்மென்ட்டுக்கு வாங்க. ஹீட் வாடகையோடயே வரும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பா விழுந்தபோது வந்து ஒரு வாரம் இருந்தாள். அப்புறம் மாதம் ஒரு ஃபோன், வாரம் இரண்டு சிரிப்புப் படம். எங்கள் வீடு அவளுக்கு வளர்ந்த வீடு. இப்போது அது அவள் கண்ணுக்குப் பெற்றோரின் பிடிவாதமாகத் தெரிகிறது. முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

ஜூலை வந்தது. அட்டவணை இன்னும் முடியவில்லை. சரிவில் கட்டைகள் மலைபோல் கிடந்தன. ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பெரிய கடையின் இணையதளத்தில் சிவப்பு நிறத்தில், முப்பது டன், நாலரை நட்சத்திரம் என்று போட்டிருந்த ஒன்றை நானே ஆர்டர் செய்துவிட்டேன். தயாளன் தடுக்கவில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் திருப்தி இருந்ததுபோல் எனக்குப் பட்டது. அந்த மிஷின் சரிப்பட்டு வராது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

பெரிய மரச்சட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். சக்கரம் தனி, கைப்பிடி தனி, தொட்டி தனி. மாட்ட இரண்டு நாள். இன்ஜினிலும் ஹைட்ராலிக் தொட்டியிலும் எண்ணெய் ஊற்றாமல்தான் அனுப்புவார்கள், ஊற்றாமல் ஓட்டினால் முதல் நிமிஷத்திலேயே பம்ப் போய்விடும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்தவர் தயாளன்தான். அந்தப் புண்ணியம் அவருக்கு.

முதல் ஞாயிறு நன்றாக ஓடியது. இரண்டாம் ஞாயிறும் ஓடியது. மூன்றாம் ஞாயிறு குழாய் இணைப்பிலிருந்து எண்ணெய் பீய்ச்சியடித்து என் செருப்பு வரை வந்தது.

கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். இங்கேதான் என் பெயர் நடுவில் வருகிறது. என் பாஸ்போர்ட்டில் மலர்விழி என்ற ஒற்றைப் பெயர்தான். அப்பா பெயரை முன்னெழுத்தாகப் போட்டால் போதும் என்று நினைத்த காலம். இந்த நாட்டில் இரண்டு பெயர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. அதனால் முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளை என் முதல் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். எஃப், என், யூ. அன்றிலிருந்து பல் டாக்டரிடம் நான் ஃப்னூ. வங்கியில் ஃப்னூ. லைப்ரரி அட்டையில் ஃப்னூ. ஒரு நர்ஸ், உங்கள் பெயர் ரொம்ப அழகு, எந்த நாட்டுப் பெயர் என்று கேட்டார்.

கடையில் வாங்கியது மலர்விழி தயாளன். உத்தரவாதத்தைப் பதிவு செய்யும்போது அடையாள அட்டை கேட்டதால் பதிவானது ஃப்னூ மலர்விழி. ஃபோனில் இருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள்: மிஷினை வாங்கியவர் வேறு, உத்தரவாதம் வேறு ஒருவருக்கு, வாங்கியவரோடு பேச முடியுமா?

"நான்தான் அவர்."

"மன்னிக்கவும், திருமதி ஃப்னூ, திருமதி மலர்விழியின் அனுமதி இல்லாமல் அவருடைய விவரங்களை உங்களிடம் பேச முடியாது."

என்னிடமிருந்தே எனக்கு அனுமதிக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டு, அந்தக் குழாய் இப்போது இருப்பில் இல்லை, எட்டு வாரத்திலிருந்து பத்து வாரம் ஆகும் என்றார்கள். பத்து வாரத்தில் இங்கே முதல் பனி விழுந்துவிடும். பக்கத்து ஊரில் குழாய் வாங்கி நாமே மாட்டினால் உத்தரவாதம் ரத்து.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் ஜாதிச் சான்றிதழுக்காக அப்பாவோடு மூன்று நாள் வரிசையில் நின்ற ஞாபகம் வந்தது. அங்கே ஜன்னலுக்குள் ஒரு முகமாவது தெரியும். கோபம் வந்தால் அந்த முகத்தைப் பார்த்துக் கத்தலாம். நாளைக்கு வாங்க என்று அதுவும் திருப்பிக் கத்தும். இங்கே ஒரு பியானோ இசை. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.

தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். எண்ணெய் ஒழுகுகிற இடத்தைக் கிட்டே போய்க் காட்டச் சொன்னான்.

"இந்த மிஷின செஞ்சவன் யாருக்கா?"

"யாரோ. ஸ்டிக்கர் மட்டும்தான் கடைக்காரனோடது."

"அதாங்க்கா. நம்ம கடைக்கு வர்றவங்களும் இப்படிதான். எத்தினி ஹெச்பினு கேப்பாங்க. எனக்கு எத்தினி ஹெச்பியா இருந்தா இன்னா? பார்ட் எங்க கெடைக்கும், எவன் தொறந்து பாப்பான், அத்த கேக்க மாட்டாங்க. உனுக்கு அங்க கிட்டக்க மெக்கானிக் யாரு?"

"தெரியலடா."

"அத தெரிஞ்சிக்கினு அப்புறமா மிஷின் வாங்கியிருக்கணும். சரி, அந்தக் கட்டைய மேல வெக்கறது யாரு?"

"மாமாதான். இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வெக்கணும்."

தம்பி கத்தினான். அக்காவிடம் அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "ஸ்டென்ட் வெச்ச மனுசன் கட்டைய இடுப்பு ஒசரத்துக்குத் தூக்கறதா? அப்புறம் இன்னாத்துக்குக்கா மிஷினு? நிக்க வெச்சி, கீழ உருட்டி வுட்டுப் பொளக்கற மாதிரி இல்லியா? இத்தினி டன்னு அத்தினி டன்னுனு மாசக்கணக்கா பாத்தீங்களே, இத எவனும் பாக்கலியா?"

எவனும் பார்க்கவில்லை. இரண்டு அட்டவணையிலும் அந்தக் கட்டம் இல்லை. "நாளைக்குப் பௌர்ணமி கிரிவலம், ரோடு பூரா பிளாக்கு, கடைக்கு வர மாட்டேன். நாளான்னிக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

4

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கும் கருவி மக்கர் செய்ததால் மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காரை நிறுத்தி இறங்கினேன்.

கோடாலி சத்தம் கேட்டது.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கொட்டகைக்குப் பின்னால், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தயாளன் நின்றிருந்தார். ஆபீஸ் சட்டை, கைகள் மடித்துவிடப்பட்டிருந்தன. புதன்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்வார். கோடாலி தலைக்கு மேல் இருந்தது. அதை இறக்கி ஒரு கட்டையை இரண்டாக்கிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் ஒழுங்காக அடுக்கிய விறகு. என் உயரத்துக்கு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடிய மிஷின் இவ்வளவு பிளந்திருக்கவே முடியாது. சிராய்களைக்கூடப் பெருக்கி ஒரு கோணியில் கட்டியிருந்தார். நான் பார்க்கக்கூடாது என்று.

"எத்தினி நாளா?" என்றேன்.

அவர் பிளந்த துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"கேக்கறேன் இல்ல? எத்தினி நாளா?"

"ஜூன்லேர்ந்து. ஒரு நாளைக்குப் பத்துக் கட்டதான். நின்னு நின்னுதான் பண்றேன் மலரு. மூச்சு வாங்கினா நிறுத்திடுவேன்."

"போன தடவயும் நிறுத்தினீங்க. சத்தம் நின்னுச்சு. முடிச்சிட்டாருனு நான் டீ போட்டுக்கினு இருந்தேன். தெரியுமா உங்களுக்கு? நீங்க பனில கெடக்கறீங்க, நான் டீக்கு சக்கரை ஜாஸ்தியா கம்மியானு பாத்துக்கினு இருந்தேன்."

இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும். அங்கேயே ஒரு கட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கோடாலியைச் சாய்த்துவைத்து, எதிரே இன்னொரு கட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஆபீஸ்ல மீட்டிங்ல நான் ஒண்ணு சொன்னா, இன்னொரு தடவ சொல்லுங்கங்கறாங்க. சொல்றேன். மறுபடியும் புரியல. பக்கத்துல ஒருத்தன் அதையே அவன் இங்கிலீஷ்ல சொல்றான். எல்லாரும் தலையாட்டறாங்க. பதினெட்டு வருஷமா. கடைல அப்படிதான், ஃபோன்ல அப்படிதான். யாழினிகூட ஆ, என்னதுனு கேக்கறா." நெற்றியைப் புறங்கையால் துடைத்தார். "இந்தக் கட்டை ஒண்ணுதான் என்ன ரெண்டாவது தடவ கேக்கறதில்ல. ஒரே போடு. பொளந்துடுது."

அப்போது எனக்குப் புரிந்தது. மாதக்கணக்கில் அந்த அட்டவணை முடியாமல் இருந்தது அவருடைய கவனத்தால் அல்ல. முடிந்தால் மிஷின் வந்துவிடும்.

நான் அழுதிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அதுக்காக செத்துப் போவீங்களா?" என்றேன். "நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்காங்க இங்க? பேரே தெரியாதுனு எழுதி வெச்சிருக்கற ஊர்ல, மலருனு கூப்பட ஒருத்தர்தான இருக்கீங்க?"

தயாளன் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து கோடாலியை எடுத்தார். கொண்டுபோய் என் கார் டிக்கியில் வைத்துவிட்டு வந்தார்.

"எங்கயாவது குடுத்துடு. எங்கனு என்கிட்ட சொல்லாத."

லேபில் என்னோடு வேலை செய்பவளின் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எங்கே என்று தயாளன் இதுவரை கேட்கவில்லை.

5

சிவப்பு மிஷினைக் கடை திருப்பி எடுத்துக்கொள்ள நான்கு தடவை நடந்தேன். எண்ணெய் ஊற்றிய மிஷினை எடுக்க மாட்டோம் என்றார்கள். எண்ணெய் ஊற்றிப் பார்க்காமல், அது ஒழுகும் என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டேன். நான்காவது தடவை எடுத்துக்கொண்டார்கள். அன்று நான் பேசிய ஆங்கிலத்தில் இலக்கணம் இருந்திருக்காது. ஆனால் யாரும் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கவில்லை.

இந்த முறை மிஷினைத் தேடவில்லை, மெக்கானிக்கைத் தேடினோம். கொட்டகை வைத்திருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் கேட்டோம். நான்கு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். இருபது நிமிஷத் தூரத்தில், ஒரு பழைய மாட்டுக்கொட்டகையில், ரூத் என்ற அறுபது வயது அம்மா கடை வைத்திருந்தார். புல்வெட்டி, ரம்பம், இன்ஜின் எல்லாவற்றையும் விற்பார். கெட்டுப்போனால் அவரே திறப்பார். சுவர் முழுக்கக் குழாயும் வால்வும் தொங்கின. ஏழுமலையின் கடையைப் பார்த்ததுபோல் இருந்தது. கிரீஸ் வாசனைகூட அதேதான்.

எத்தனை டன் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. உங்களிடம் இருப்பதிலேயே மோசமான கட்டையைக் கொண்டுவாருங்கள் என்றார். மறுநாள் கொண்டுபோனோம். எல்ம் மரம், நார் நாராக முறுக்கிய கட்டை, நடுவில் இரண்டு கணு. தயாளன் கோடாலியால் மூன்று வருஷமாகத் தோற்றுப்போன கட்டை அது. ரூத் ஒரு மிஷினை வெளியே தள்ளிவந்து, படுத்திருந்த அதன் உத்தரத்தை நிமிர்த்தி நிற்க வைத்தார். கட்டையை உருட்டித் தரையோடு தரையாக அடியில் தள்ளினார். லீவரை அழுத்தினார். இரும்பு ஆப்பு நிதானமாக இறங்கியது. கட்டை முதலில் முனகியது. பிறகு ஒரு பெருஞ்சத்தம், இரண்டாகப் போயிற்று. இருபத்திரண்டு டன். ஆறு மாத ஆராய்ச்சிக்கு அதுதான் விடை.

தயாளன் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பம்ப் எப்படிப்பட்டது, எண்ணெய் எவ்வளவு சூடேறும், ஆறு மாதம் சும்மா கிடந்தால் கார்புரேட்டர் அடைக்காதா. ரூத் காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன என்று கேட்டார். தயாளன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். மறுபடி சொன்னார். ரூத் மறுபடி என்ன என்றார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு உரக்கச் சொன்னார்: நாற்பது வருஷம் இன்ஜின் பக்கத்திலேயே நின்று எனக்குக் காது போய்விட்டது. என் கணவர் பேசுவதே எனக்குக் கேட்காது. நீங்கள் கத்துங்கள், நானும் கத்துகிறேன்.

தயாளன் கத்தினார். ரூத்தும் கத்தினார். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் கத்திக்கொண்டே, பெட்ரோலை எப்படி வடிப்பது, எந்த எண்ணெய் குளிரில் கெட்டியாகாது என்று பேசினார்கள். ரூத் அவரைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பிரித்துப் போட்ட ஒரு பம்பைக் காட்டினார். நான் வெளியே வெயிலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சல்தான். ஆனால் உள்ளே தயாளன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு ஜனவரியிலிருந்து கேட்காதது.

ரசீது எழுதும்போது ரூத் பெயர் கேட்டார். மலர்விழி என்றேன். எழுத்துக்கூட்டச் சொல்லி, பேனாவை அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற கட்டமே அந்தக் காகிதத்தில் இல்லை.

6

நவம்பர் விடுமுறைக்கு யாழினி வந்தாள். வழக்கம்போல் முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். இரண்டாம் நாள் ஜன்னல் வழியாக, அப்பாவும் நானும் சரிவில் கட்டை உருட்டுவதைப் பார்த்துவிட்டு, என் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிவந்தாள். எவ்வளவு ஆபத்தான வேலை, வீடியோவில் விரல் போனவர்களை எல்லாம் பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் நீளமாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே கையுறையையும் காது மூடியையும் மாட்டிக்கொண்டாள்.

லீவரில் நான் நின்றேன். யாழினி கட்டையை உருட்டினாள். தயாளனுக்குக் கொட்டகை வாசலில் ஒரு நாற்காலி போட்டிருந்தோம். மேற்பார்வை மட்டும் என்று ஒப்பந்தம். அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. எழுந்து வந்து பிளந்த துண்டுகளைப் பொறுக்கினார். நான் லீவரை விட்டுவிட்டுக் கையைக் காட்டினேன், திரும்பிப் போனார். மறுபடி வந்தார். "ஏங்க, தயவுசெஞ்சு" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். காது மூடியிருக்கிறது, கேட்கவில்லை என்று சைகை காட்டினார். மூன்றாம் தடவை, உள்ளதிலேயே பெரிய கட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கப்போனார்.

யாழினி குனிந்து இன்ஜினை அணைத்தாள். சரிவே திடீரென்று அமைதியானது. காது மூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அப்பாவைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"அப்பா. ஒக்காரு. எழுந்துக்காத."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவை ஒருமையில் பேசுகிறாளே என்று வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அவளுக்கு எங்கிருந்து வரும் மரியாதைத் தமிழ்? அவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அவளிடம் பேசியது. சாப்பிடு. தூங்கு. ஓடாத. ஒக்காரு. அவளிடம் இருப்பது அவ்வளவுதான், அதிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் ஆ, என்னது என்று கேட்கவில்லை. கட்டையை விட்டார். கையைத் தட்டிக்கொண்டார். இத்தனை மாதமாக நான் 'நீங்கள்' போட்டு, 'தயவுசெய்து' போட்டு, அழுது, சண்டை போட்டுக் கேட்காத மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது என்று திரும்பிக்கொண்டேன்.

யாழினி அந்தப் பெரிய கட்டையைக் காலால் உருட்டி ஆப்புக்குக் கீழே தள்ளினாள். நான் இன்ஜின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.